எமிலியானாவின் மேல்வீடு

சிவப்பாய் ஒரு புள்ளி... முதலில் சுவரில் ஓடியது. பிறகு யன்னல் விளிம்பில். பிறகு மழையில் நனைந்துகொண்டிருந்த எமிலியானாவின் கோட்டில் வந்து, அசையாமல் நின்றது.

பலேர்மோவில், கபோ சந்தையின் மீன்கடைகளுக்குப் பின்னால் இருக்கிற ஒரு பழைய முற்றம் அது. சுற்றிவர வீடுகள். நடுவில் கல் பாவிய சதுரம். மூலையில் பலகை போட்டு மூடிய பாழ்க்கிணறு. அந்தக் கிணற்றடியில் குந்தியிருந்து, கட்டுக்கல்லை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள் எமிலியானா. மழை வந்தால் உள்ளே ஓடுகிற பெண் அல்ல அவள். வேண்டுமானால் மழை கொஞ்சம் தள்ளிப் பெய்யட்டும்!

"சிஞ்ஞோரினா, தயவுசெய்து கொஞ்சம் விலகுங்கள்" என்றது ஒரு குரல், இத்தாலிய மொழியில். வடக்கு இத்தாலிக்காரர்களின் இழுவை அதில் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். வாசல் வளைவுக்குள் உயரமாய் ஒருவன். மழை அங்கியின் தொப்பி பாதி முகத்தை மறைத்திருந்தது. கையில் தூரம் அளக்கும் லேசர் கருவி.

"விலக மாட்டேன். நீங்கள் அளப்பதே பிழை" என்றாள் அவளும் இத்தாலிய மொழியில்.

அவன் வானத்தைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்தான். "கடவுளே... மழைக்குள்ளை இந்தப் பெட்டை தூண் மாதிரி நிக்குது. நான் என்னெண்டு அளக்கிறது?"

தமிழ்! எமிலியானா மெல்ல எழுந்தாள். தன் கோட்டுத் தொப்பியைப் பின்னால் தள்ளினாள். "தூண் எண்டே எழுதுங்கோ. ஆனா உயரத்தைப் பிழையா எழுதாதேங்கோ. அஞ்சடி ஆறங்குலம்."

அவன் கையிலிருந்த கருவி நழுவப் பார்த்தது. அவள் கண்களைப் பார்த்ததாலா, அவள் தமிழைக் கேட்டதாலா... அது அவனுக்கே தெரியாது. மழை இமையில் தங்கி நிற்க, அந்தக் கண்கள் கோபமாய், கறுப்பாய், அகலமாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ... மொரீஷியஸ்காரி எண்டு நினைச்சிட்டன்."

"நான் உங்களை வங்காளி எண்டு நினைச்சன். சரிக்குச் சரி. இப்ப சொல்லுங்கோ, ஆர் உங்களைக் கிணத்தடியை அளக்கச் சொன்னது?"

கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா வீட்டை விற்றுவிட்டு மகனிடம் போகிறாளாம். அதற்கு வரைபடம் கீற வந்த நில அளவையாளன் இவன். பெயர் டெனிஸ்டன். ரெஜ்ஜோ எமிலியாவில் வளர்ந்தவன், வேலை கிடைத்துத் தெற்கே வந்து, பெரியம்மா கிளறா வீட்டில் தங்கியிருக்கிறான். இதையெல்லாம் அவள் கேட்காமலே ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

"கிணத்தடி கீழ்வீட்டுக்குச் சொந்தமில்லை" என்றாள் எமிலியானா. "முற்றம் பொது. மேல்வீட்டுக்காரிக்கும் இதிலை பங்கிருக்கு."

"மேல்வீட்டுக்காரி ஆர்?"

"நான்."

அந்த 'நான்' இருக்கிறதே... அதைக் கொஞ்சம் விளக்கியே ஆகவேண்டும். எமிலியானாவின் அம்மா றோசமலர் மன்னாரிலிருந்து வந்திறங்கிய நாள் முதல் பலேர்மோச் சீமாட்டிகளின் படிகளைக் கழுவினவள். கணவர் கண்ணை மூடிய பிறகும் கழுவினாள். அப்படிக் கழுவிக் கழுவி ஒருநாள் இந்த மேல்வீட்டை வாங்கினாள். தன் பெயரில் எழுதவில்லை, மகள் பெயரில் எழுதினாள். வீட்டுப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசின் முன்னால் எமிலியானா கையெழுத்துப் போட, பக்கத்தில் நின்ற தாய் மை காயும்வரை அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முற்றத்தில் தமிழ்ப் பெயர் ஏறிய முதல் கதவு அது. பெருமை இருக்காதா? இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

"எந்த வரைபடத்திலையும் இஞ்சை கிணறெண்டு ஒண்டு இல்லையே" என்றான் டெனிஸ்டன்.

"ஆயிரத்து நானூற்றிச் சொச்சத்திலை எழுதின வீட்டு உறுதியிலை இருக்கு. நான் வாசிச்சனான்."

"ஓ... அப்ப அந்த நொத்தாரிசுக்கு ஒருக்கா ஃபோன் எடுத்துக் கேப்பமே?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. ஆனால் காட்டினால் கௌரவம் என்னாவது? விறுவிறுவென்று படியேறி, கதவை அறைந்து சாத்திவிட்டுத்தான் சிரித்தாள்.

அடுத்த நாள் மாலை அவன் மறுபடியும் வந்தான். கையில் திருத்திய வரைபடம். "இப்ப இருக்கிற உறுதியளைப் போய்ப் பாத்தன். முற்றம் பொதுதான். பிழை என்ரை" என்றான் நேராக. சாக்குச் சொல்லவில்லை, சுற்றி வளைக்கவில்லை. பிழையை இப்படித் தலை நிமிர்ந்து ஒத்துக்கொள்கிற ஆண்பிள்ளையை எமிலியானா அதிகம் கண்டதில்லை. வாசலில் நின்றவனை உள்ளே வரச்சொல்லாமல் கதவைப் பிடித்தபடி யோசித்தாள்.

"அந்தப் பழைய உறுதியை... ஒருக்கா நானும் பாக்கலாமோ?"

"லத்தீன் தெரியுமோ?"

"கோயிலிலை 'ஆமென்' சொல்லுற அளவுக்குத் தெரியும்."

கடற்கரைப் பக்கம், பழைய மடம் ஒன்றுக்குள் இருக்கிறது ஆவணக் காப்பகம். பல்கலைக்கழக வேலையாக அங்கே பழைய நொத்தாரிசுகளின் கட்டுகளை வாசிப்பவள் எமிலியானா. மத்திய காலத்தில் கபோவில் எந்த வீடு யாருடையது... அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அரசர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அடுத்த வீட்டுக்காரியைப் பற்றி எழுத ஒருத்தியாவது வேண்டாமா என்பது அவள் கட்சி.

பழுப்பேறிய தாளின் மேல் விரல் படாமல், காற்றில் கோடு போட்டபடி அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள். "மேலை ஒரு வீடு, கீழை ஒரு கடையறை, முற்றத்துக் கிணத்திலை பங்கு, தண்ணி அள்ளப் போய்வாற வழி. வடக்கே ரொட்டி சுடுற நிக்கோலாவின்ரை சூளை. கிழக்கே கைம்பெண் பெர்னாவின்ரை வீடு. தெற்கே மடத்துத் தோட்டம். மேற்கே பொதுவழி..."

"பொறுங்கோ, பொறுங்கோ!" டெனிஸ்டன் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தான். காவலர் முறைத்தார். குரலைத் தாழ்த்தினான். "இது எங்கடை ஊர் உறுதியெல்லோ! பாசையூரிலை எங்கடை வளவுக்கும் இப்பிடித்தான். 'வடக்கு எல்லை சூசையப்பு வளவு, கிழக்கு எல்லை ஒழுங்கை... அதிலுள்ள வீடு, தென்னை, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால்...' அப்பா செபம் சொல்லுற மாதிரிச் சொல்லுவார்."

"மன்னாரிலை எங்கடை காணிக்கும் அப்பிடித்தான்" என்றாள் அவள். முதன்முதலாக அவனைப் பார்த்து முழுசாகச் சிரித்தாள்.

"வீட்டுக்கு நம்பரே இல்லையோ?"

"அப்ப எங்கை நம்பர்? உன்ரை வீடு எங்கை எண்டு கேட்டால், பக்கத்திலை ஆர் இருக்கினம் எண்டதுதான் மறுமொழி."

"பக்கத்து வீட்டோடை கோவமெண்டால்?"

"கோவமெண்டாலும் அவைதான் எல்லை. வேறை வழியில்லை."

அவன் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அளவையாளனின் மூளை சும்மா இருக்குமா? "அப்ப நிக்கோலாவின்ரை சூளைக்கு ஒரு உறுதி இருந்தால், அதிலை தெற்கு எல்லையா இந்த வீடு வரவேணுமே?"

"வருது!"

"பெர்னாவின்ரை உறுதியிலை மேற்கு எல்லையா?"

"அதிலையும் வருது! அப்பிடி ஒண்டோடை ஒண்டு கோத்துக்கொண்டு போனால் முழுத் தெருவும் வரும். ஆனா எனக்குக் கீறத் தெரியாது..."

"எனக்குத் தெரியும்" என்றான் டெனிஸ்டன். யன்னலுக்கு வெளியே கடல் மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"இந்த வீட்டுக்காரியின்ரை பேர் என்ன?" என்று கேட்டான் பிறகு.

"மார்கெரீட்டா. கலியாணத்துக்குத் தாய்தகப்பன் குடுத்த வீடு. புருசன் விக்க வெளிக்கிட்டார். இவ நேரை நொத்தாரிசிட்டைப் போய், என்ரை வீடு, எனக்கு விக்க விருப்பமில்லை எண்டு எழுதுவிச்சுப்போட்டு வந்திட்டா." பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவளைப் பற்றிச் சொல்வதுபோல் பெருமை பொங்கச் சொன்னாள்.

"பொல்லாத மனுசி!"

"சொந்தக்காரி" என்று திருத்தினாள் எமிலியானா.

அதன் பிறகு சனிக்கிழமைகள் எல்லாம் அவர்களுடையவை ஆயின. அவள் எல்லைகளைச் சொல்வாள், அவன் அளப்பான். ஆலிவ் பீப்பாய்களுக்கும் வாள்மீன் தலைகளுக்கும் நடுவே கபோவின் சந்துகளில் நூல் பிடித்தார்கள். "நிக்கோலா எங்கை போனான்?" "அந்தா, கறிக்கடைச் சுவருக்குப் பின்னாலை!" என்று அவர்கள் கத்துவதைக் கேட்டு, யாரோ தமிழ்ப் பையன் தொலைந்துவிட்டான் என்று சந்தைக்காரர்கள் தேடவும் வெளிக்கிட்டார்கள்.

ஒரு மழை நாளில் கோர்வை வந்து பொருந்தியது. சூளை, பெர்னாவின் வீடு, மடத்துத் தோட்டம், பொதுவழி... எல்லாக் கோடுகளும் எமிலியானாவின் முற்றத்தையே சுற்றி வந்து நின்றன. மார்கெரீட்டாவின் வீடு நின்ற இடத்தில்தான் இவளுடைய மேல்வீடு நிற்கிறது. கிணற்றடியில் நின்று அதைச் சொன்னான் டெனிஸ்டன். எமிலியானா சந்தோசத்தில் அவன் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் பிடித்தது தெரிந்தது... விடவும் மனம் வரவில்லை.

அன்று மத்தியானம் பக்கத்து மீன்பிடிக் கரையான ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குச் சாப்பிடப் போனார்கள். கடலைப் பார்த்த மேசை. தட்டில் கணவாய் மீன். 'நீங்கள்' எப்போது 'நீர்' ஆனதென்று இருவருக்குமே தெரியவில்லை.

"வடக்கிலை வளந்த ஆளுக்குக் கணவாயைக் கத்தியாலை வெட்டத்தான் தெரியும்" என்று சீண்டினாள்.

"தெற்கிலை வளந்த ஆளுக்கு மற்றவையின்ரை தட்டிலை கை வைக்கத்தான் தெரியும். என்ரை தட்டை விடும்!"

சிரித்து ஓய்ந்த பிறகு அவன் தன் வீட்டுக் கதையைச் சொன்னான். ஊரில் இருக்கும் அக்கா மொனிகாவுக்குச் சீதனமாக வீடு கட்டிக் கொடுக்கவே அப்பா ரெஜ்ஜோவின் இறைச்சித் தொழிற்சாலையில் தேய்ந்து போனாராம். வீடு முடிந்தது, அப்பாவும் முடிந்தார். மாப்பிள்ளை சில வருசத்தில் அக்காவை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விட்டான்.

"அப்பாவின்ரை சவப்பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு சத்தியம் பண்ணினனான். சீதனம் எண்டு ஒரு துரும்பும் தொடமாட்டன். சீதன வீட்டிலை ஒரு நாளும் வாழமாட்டன்."

அந்த முகத்தில் இருந்த ரோசத்தைப் பார்த்து எமிலியானாவுக்கு அவனை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது. ஆண்பிள்ளை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டாள். பின்னால் வந்த வினைக்கெல்லாம் அதுதான் விதை என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கேக்கும் கையுமாகக் கிளறா வந்தாள், மேல்வீட்டுக்குப் பெண் கேட்டு. பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் டெனிஸ்டன். றோசமலர் புதுக் கோப்பைகளை எடுத்துத் துடைத்தாள். எமிலியானா தேநீர்த் தட்டோடு வந்தாள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது... அவன் எழுந்து நின்று பேசும்வரை.

"எங்கடை பெடியனுக்கு ஒரு கொள்கை இருக்கு, றோசமலர். தம்பி, நீயே சொல்லு" என்றாள் கிளறா.

"அன்ரி, எனக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம். இந்த வீடும் வேண்டாம். இதை வித்துப்போட்டு நீங்கள் ஓய்வா, நிம்மதியா இருங்கோ. எமிலியானாவை நான் உடுத்த உடுப்போடை கூட்டிக்கொண்டு போறன்."

றோசமலரின் கண்கள் நிரம்பிவிட்டன. "அந்தோனியாரே..." என்று நெஞ்சில் கை வைத்தாள். கிளறாவோ இப்படி ஒரு பிள்ளை பலேர்மோவில் உண்டா என்கிற மாதிரிச் சுற்றிவரப் பார்த்தாள்.

தட்டை மேசையில் வைத்தாள் எமிலியானா. கோப்பைகள் சத்தம் போட்டன.

"ஒரு நிமிசம். இந்த வீட்டை ஆர் உமக்குத் தந்தது?"

டெனிஸ்டனுக்கு விளங்கவில்லை. "என்ன?"

"வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு முதல் ஆரும் தந்திருக்கவேணுமே. நான் தரேல்லை."

"பிள்ளை!" என்று பதறினாள் றோசமலர்.

"நான் என்ன பிழை சொன்னனான்?" டெனிஸ்டனின் முகம் சிவந்தது. "மற்ற மாப்பிள்ளையள் மாதிரி அது கொண்டா, இது கொண்டா எண்டு கேட்டனானோ?"

"அவை கேட்டுப் பறிக்கினம். நீர் விக்கச் சொல்லுறீர். ரெண்டிலையும் கடைசியிலை வீடு என்னட்டை இல்லை."

"சத்தியம் பண்ணினது உமக்குத் தெரியும். சீதன வீட்டிலை நான் வாழமாட்டன்."

"இது சீதன வீடில்லை. என்ரை வீடு."

"சனம் அப்பிடிச் சொல்லாது எமிலியானா! டெனிஸ்டனும் மற்றவை மாதிரி வீட்டைப் பாத்துத்தான் கட்டினவன் எண்டுதான் சொல்லும்."

"ஓ... சனத்துக்காகவோ?" அவள் குரல் இறங்கியது. "நான் எனக்காக எண்டெல்லோ நினைச்சன்."

அவன் திரும்பிப் படியிறங்கிப் போனான். கிளறா கேக்கை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் விட்டுவிட்டுப் போனாள். நியாயம் யார் பக்கம் என்று கேட்கிறீர்களா? இருவர் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. ரோசம் மட்டும் இருவர் பக்கமும் நிறைய இருந்தது.

கீழ்வீட்டை வாங்கிய ஆள் மேல்வீட்டையும் கேட்டு அனுப்பியது அந்தக் கிழமைதான். சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விட, முழு முற்றமும் வேண்டுமாம். றோசமலருக்கு அது மாதா காட்டிய வழியாகவே பட்டது.

"வித்துவிடு பிள்ளை. வீடு திரும்பவும் வாங்கலாம். இப்பிடி ஒரு பெடியன் திரும்ப வருவானோ?"

"அம்மா, நீங்கள் இவ்வளவு காலமும் படி கழுவினது எனக்கு மாப்பிள்ளை எடுக்கவோ?"

"நீ நல்லா இருக்கத்தான்!"

"இந்த யன்னலுக்குப் பக்கத்திலை நான் நல்லாத்தானே அம்மா இருக்கிறன்."

சொன்னது வீறாப்பாகத்தான். ஆனால் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு கையெழுத்து... போட்டால் அவன் வருவான். அந்தச் சிரிப்பு, அந்தக் கை, தன் பிழையைத் தானே சொல்கிற அந்த நேர்மை... எல்லாம் அவளுடையதாகும். ஃபோனை எடுத்து 'சரி, விக்கிறன்' என்று எழுதினாள். அனுப்பவில்லை. அழித்தாள். திரும்பவும் எழுதினாள். வீட்டை விற்றுவிட்டு அவனோடு போகிற எமிலியானா யாராக இருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். அவளைத் தனக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்ததும், அழித்துவிட்டு முகத்தைக் கழுவினாள்.

பங்குனி மாதம் கபோவின் பழைய கோயில் மண்டபம் ஒன்றில் அவளுடைய வரைபடத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். சுவர் நிறையத் தெருக்கள். பெண்கள் பெயரில் இருந்த வீடுகளுக்கு எல்லாம் மாதுளை நிறம். அது அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் என்று நினைத்து வந்தவர்கள் வாயில் கை வைத்தார்கள். விதவைகள், தாய்மார், ரொட்டிக்காரிகள்... மாதுளை நிறம் தெருத் தெருவாகப் பரந்து கிடந்தது.

ஒலிவாங்கிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று எமிலியானா பேசினாள். "இவர்களை யாரும் கதைகளில் பாடவில்லை. ஆனால் இவர்களுக்குப் பக்கத்தில் வீடு வாங்கின ஒவ்வொருவனும் தன் உறுதியில் இவர்கள் பெயரை எல்லையாக எழுதியே ஆகவேண்டியிருந்தது. அதனால்தான் இவர்கள் மறையவில்லை!"

கைதட்டல் எழுந்தது. கோயிலுக்கு உடுத்தும் சேலையில் றோசமலர் முன்வரிசையில் இருந்தாள். முன்பு அவள் படி கழுவிய வீட்டுச் சிஞ்ஞோரா ஒருத்தி, பக்கத்தில் வந்து மார்கெரீட்டாவின் வீட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள், றோசா?"

றோசமலர் வரைபடத்தைப் பார்த்தாள். மேடையில் நிற்கும் மகளைப் பார்த்தாள். படி கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என் மகள், சிஞ்ஞோரா. வாடகைக்கு அல்ல. சொந்த வீடு."

சொல்லி முடித்ததும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. கூட்டம் கலைந்ததும் மகளின் கையைப் பிடித்தாள். "வாங்க வந்த மனிசனுக்கு நான் இல்லையெண்டு சொல்லிப்போடுறன். வாறவன் வரட்டும், போறவன் போகட்டும்."

மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் டெனிஸ்டனும் நின்றிருந்தான். வரைபடத்தின் அடியில், எமிலியானாவின் பெயருக்குச் சமமான எழுத்தில், 'அளந்து வரைந்தவர்' என்று அவன் பெயர். இவ்வளவு சண்டைக்குப் பிறகும்! கோபம் வேறு, உரியவருக்கு உரியது வேறு என்று நினைக்கிற பெண் அவள்... அவன் தன் பெயரை இருமுறை வாசித்தான். வெளியே வந்து பாசையூருக்கு ஃபோன் எடுத்தான்.

"அக்கா... ஒண்டு கேக்கட்டே? அந்த வீட்டைப் பாக்கேக்கை உங்களுக்கு வெறுப்பு வாறதில்லையோ? அப்பாவின்ரை உயிரை எடுத்த வீடு."

மொனிகா வாசல் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இவ்வளவு வருசத்திலை இப்பத்தான் என்னட்டைக் கேக்கிறாய். அவர் விட்டிட்டுப் போனாப்பிறகு மாமி வந்து, வெளிக்கிடு எண்டவா. என்ரை பேரிலை இருக்கிற வீடு, நீங்கள் வெளிக்கிடுங்கோ எண்டன். அவ போயிட்டா. பிள்ளையளோடை நான் ஒருத்தரின்ரை வாசலிலையும் நிக்கேல்லை, தம்பி. அப்பா என்னை அப்பிடி நிக்கவிடேல்லை."

"நான்... சத்தியம் பண்ணினது..."

"நீ சத்தியம் பண்ணேக்கை எல்லாரும் உன்னை மெச்சினவை. நான் மட்டும் யோசிச்சனான்... இவனைக் கட்டப்போற பெட்டைக்குச் சொந்தமா ஒரு கூரையும் இருக்கக்கூடாதோ எண்டு. கேட்டு வாங்கிறது பாவம்தான். அதுக்காக, அவளிட்டை இருக்கிறதை விட்டிட்டு வா எண்டுறது என்ன நியாயம்?"

நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான் டெனிஸ்டன். அக்காவுக்காகப் பண்ணிய சத்தியம் என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருப்பான்! அக்காவிடம் மட்டும் ஒரு சொல் கேட்கவில்லை. எமிலியானாவிடமும் கேட்கவில்லை. இருந்த இடத்திலிருந்து எழுந்து நேரே முற்றத்துக்கு நடந்தான்.

பின்னேர வெயில் முற்றத்தில் பாதிவரை வந்திருந்தது. எமிலியானா பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எமிலியானா!"

எட்டிப் பார்த்தாள். கிளறா இல்லை, கேக் இல்லை. வியர்த்த முகத்தோடு அவன் மட்டும். மனம் துள்ளியது... முகத்தை மட்டும் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"ஏன் கீழை நிண்டு கத்துறீர்? படி இருக்குத்தானே."

"கேக்காமல் ஏறமாட்டன். முதல்லை வீட்டுக்காரியிட்டைக் கேக்கவேணும்."

எதிர்வீட்டு யன்னல் திறந்தது. பக்கத்து வீட்டுக் கிழவி சிஞ்ஞோரா, பூண்டு உரித்தபடி தன் பல்கனிக்கே வந்துவிட்டாள். றோசமலர் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். டெனிஸ்டன் யாரையும் பார்க்கவில்லை. அவன் கண்கள் மேலே, அவள் கண்களிலேயே இருந்தன.

"பிழை என்ரை. உம்மடை வீட்டை வேண்டாமெண்டு சொல்ல எனக்கு ஒரு உரிமையும் இருக்கேல்லை. சத்தியத்தை முறிச்சிட்டன். சனம் என்னவும் சொல்லட்டும்... வீட்டுக்காகத்தான் கட்டினவன் எண்டும் சொல்லட்டும்." மூச்சு வாங்கினான். "நான் உம்மை விரும்புறன் எமிலியானா. அண்டைக்கு மழைக்குள்ளை விலகமாட்டன் எண்டு நிண்டீரே... அப்பவிருந்து. உம்மடை வீட்டிலை, உம்மோடை, நான் வந்து இருக்கலாமோ? எழுத்திலை எனக்கு ஒண்டும் வேண்டாம். இருக்க ஒரு இடம் தந்தால் போதும்."

எமிலியானா கையிலிருந்த ஈரத் துவாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது.

"என்ன கேட்கிறான் அந்தப் பையன்?" என்று பொறுமையில்லாமல் கத்தினாள் கிழவி, இத்தாலிய மொழியில்.

"என் வீட்டில் இருக்க இடம் கேட்கிறான், சிஞ்ஞோரா."

"வாடகைக்கா?"

"இல்லை, சிஞ்ஞோரா... ஆயுளுக்கு."

கிழவி பூண்டுத் தோலோடு இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினாள். எதிர் யன்னலில் யாரோ கைதட்டினார்கள். எமிலியானா உள்ளே போனாள். திரும்பி வந்து, ரொட்டி வாங்கக் கீழே இறக்குகிற கூடையைக் கயிற்றில் மெல்ல மெல்ல இறக்கினாள். டெனிஸ்டன் இரு கையாலும் வாங்கினான். உள்ளே ஒரு சாவி.

"திறந்துகொண்டு வரட்டே?" என்றான், நம்ப முடியாமல்.

"இல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் மறுபடியும் அந்த வீட்டுக்காரி வந்துவிட்டாள். "சந்தை முடக்கிலை சாவி வெட்டுற கடை பூட்ட முதல் ஓடும். இதைப்போலை இன்னொண்டு வெட்டுவிச்சுக்கொண்டு வாரும். அது உம்மடை."

"அப்ப இது?"

"இதைக் கவனமாத் திருப்பிக் கொண்டுவந்து தாரும். இது என்ரை." அவள் கம்பியில் குனிந்தாள். குரல் இப்போது அவனுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத் தணிந்தது. "நானும் உம்மைத்தான் விரும்புறன், விசரா... கெதியா வாரும். அம்மா தேத்தண்ணி வைச்சிட்டா."